தோட்டப்புறத்திலிருந்து தொலையுணர்வு ஆய்வுக்கு: விண்ணப்பம் முதல் களவேலை வரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் வளர்ந்து, இயற்கை வள மேலாண்மைக்கான தொலையுணர்வில், அதாவது துணைக்கோளப் படங்களால் நிலத்தை அறியும் துறையில், முதுகலை ஆய்வை முடித்தவன் நான். துணைக்கோளப் படங்களைக் கொண்டு ரப்பர் காடுகளும் செம்பனைக் காடுகளும் (தோட்டத்தில் பயிர் நிற்கும் நிலப்பிரிவையும் ‘காடு’ என்போம்) எப்படி மாறி வந்துள்ளன என்று வரைபடமாக்குவதே என் ஆய்வு. ஆய்வு எனக்குக் கடினமாக இருக்கவில்லை. அதற்குள் நுழைவதும், நுழைந்த பிறகு காலத்தைத் தவற விடாமல் இருப்பதும்தான் கடினமாக இருந்தன. ஆவணக் குறை ஒன்றினால் ஒரு செமஸ்டரையும், அனுமதிக் கடிதம் தாமதமானதால் ஓராண்டில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் பருவத்தையும் இழந்தேன். இந்த இரண்டும் உங்களுக்கு நேராமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. எந்த வாசல் வழியாக நுழைவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தொலையுணர்வு ஒரே துறைக்குள் அடங்கிய படிப்பு அல்ல. இதை விண்ணப்பிக்கும்போதுதான் பலரும் அறிகிறார்கள். ஸ்கூடாயில் உள்ள யு.டி.எம். பல்கலைக்கழகத்தில் அது நில அளவை, புவித்தகவல் (இடம் சார்ந்த தரவுகளைக் கணினியில் கையாளும் துறை) படிப்புகளோடு சேர்ந்திருக்கிறது. செர்டாங்கில் உள்ள யு.பி.எம். பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வும் புவித்தகவல் முறைமையும் பொறியியல் புலத்தின் கீழ் முதுகலைப் படிப்பாக உள்ளன. அதே பல்கலைக்கழகத்தின் வனவியல் புலத்திலும் இதே கருவிகளைக் கொண்டு ஆய்வு செய்கிறார்கள். பாங்கியில் யு.கே.எம்., பினாங்கில் யு.எஸ்.எம்., கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் புவியியல் துறை வழியாகவும் இதற்குள் வரலாம்.

நீங்கள் ஆறாம் படிவத்திலோ மெட்ரிகுலேஷனிலோ இருந்தால், உங்கள் பாடங்களே வாசலைத் தீர்மானிக்கும். நில அளவை, புவித்தகவல் படிப்புகள் கணிதத்தையும் அறிவியலையும் கேட்கும். கலைப்பிரிவில், ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.டி.பி.எம்-இல் புவியியல் எடுத்தவர்கள் புவியியல் துறைக்குள் சென்று அங்கிருந்து தொலையுணர்வுக்கு வரலாம். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யு.பி.யு-வில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாடத்திற்கு 10 விழுக்காடும் கணக்கிடப்படுகின்றன. அந்தப் பத்து விழுக்காட்டைத் தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் கோட்டை விடுகிறார்கள். பள்ளிச் சங்கம், சீருடை இயக்கம், விளையாட்டு ஆகியவற்றின் சான்றிதழ்களை நான்காம் படிவத்திலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். யு.ஐ.டி.எம்-இல் நில அளவைப் படிப்பு உண்டு என்றாலும் அங்கு இளங்கலை இடங்கள் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மாணவர்களுக்கானவை. அதைத் தெரிவுப் பட்டியலில் போட்டு ஏமாற வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். தொலையுணர்வுப் பட்டம் உங்களை உரிமம் பெற்ற நில அளவையாளர் ஆக்காது. நில அளவையாளர் பணி 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் தனித் தொழில். அதற்கென அங்கீகரிக்கப்பட்ட நில அளவைப் பட்டமும் அதன் பிறகு தகுதித் தேர்வுகளும் வேண்டும். தோட்ட எல்லையை அளந்து கையொப்பமிடுவதுதான் உங்கள் விருப்பம் என்றால், வேறு படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

2. பாட முறையா, ஆய்வு முறையா

முதுகலையில் பாட முறை, ஆய்வு முறை, இரண்டும் கலந்த முறை என மூன்று உண்டு. வேலையில் இருந்துகொண்டு பதவி உயர்வுக்காகப் படிப்பவர்களுக்குப் பாட முறை ஏற்றது. வகுப்பும் தேர்வும் உண்டு என்பதால் முடியும் நாள் முன்கூட்டியே தெரியும். பின்னர் முனைவர் பட்டத்திற்குப் போக நினைப்பவர்கள் ஆய்வு முறையை எடுக்க வேண்டும். அதில் முடிவுத் தேதி உங்கள் கையில்தான் இருக்கிறது, அதனால் நழுவிப்போவதும் எளிது.

தர நிர்ணய அமைப்பான எம்.கியூ.ஏ. வகுத்த பொது அளவு, இளங்கலையில் 2.50 புள்ளிச் சராசரி. துறைகள் அதற்கு மேலும் கேட்பதுண்டு. எனவே பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தோடு நின்றுவிடாமல், துறையின் விதிமுறையையும் படியுங்கள். பட்டமே இல்லாமல், தோட்டத்தில் பல ஆண்டுகள் களப் பொறுப்பில் இருந்தவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 30 வயதைக் கடந்து, எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா தகுதியும் தொடர்புடைய வேலை அனுபவமும் இருந்தால், ஏப்பெல் எனப்படும் அனுபவ அங்கீகாரத் திட்டத்தின் மூலம் முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். இந்த வழி தோட்டப்புறத்தில் மிகச் சிலருக்கே தெரிந்திருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

3. விண்ணப்பத்திற்கு முன்பே மேற்பார்வையாளரைப் பெறுங்கள்

ஆய்வு முறைக்கு விண்ணப்பிப்பவர்கள் செய்யும் பெரிய பிழை, படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு, பல்கலைக்கழகமே ஒரு மேற்பார்வையாளரைத் தேடித் தரும் என்று காத்திருப்பது. நானும் அப்படித்தான் காத்திருந்தேன். துறையிலிருந்து துறைக்குச் சுற்றிய என் கோப்பு, செமஸ்டர் தொடங்கிய பிறகே ஒரு பேராசிரியரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் மேற்பார்வையாளர் சம்மதிக்க வேண்டும். விண்ணப்பம் அதற்குப் பிறகுதான்.

ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முன் கடந்த மூன்று ஆண்டுகளில் அவர் வெளியிட்ட ஆய்வுகளைப் பாருங்கள். ரேடார் படங்களில் வேலை செய்பவரிடம் பல்பட்டைப் படங்களை (ஒளியின் பல அலைவரிசைகளில் எடுத்தவை) கொண்டு பயிர் நலம் பற்றிய திட்டத்தை நீட்டினால், அவர் மரியாதையாக மறுத்துவிடுவார். மின்னஞ்சல் ஒரு பக்கத்திற்குள் இருக்கட்டும். எந்த இடம், என்ன கேள்வி, எந்தத் துணைக்கோளப் படங்கள், களத்திற்குள் போக உங்களுக்கு என்ன வசதி என்று நான்கு பத்தியில் எழுதுங்கள். நான்காவது பத்திதான் தோட்டத்துப் பிள்ளைகளின் பலம். “என் தந்தை வேலை செய்த தோட்டம் இது, களத்தில் இருப்பவர்களை எனக்குத் தெரியும்” என்ற வரி, நகரத்து மாணவர் எவராலும் எழுத முடியாதது. அதை எழுதத் தயங்காதீர்கள்.

சந்திக்கும்போது மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். அவரிடம் எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்ற ஆய்வு மானியம் இருக்கிறதா? இருந்தால் எந்த மாதம் முடிகிறது? அதிலிருந்து ஆய்வு உதவியாளர் படி கிடைக்குமா? மானியம் முடிகிற மாதத்தைக் கேட்பது நாகரிகமில்லை என்று நினைத்து நான் கேட்கவில்லை. என் படி, ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த வேளையில் நின்றுபோனது.

4. ஆவணங்கள்: பெயரில்தான் பெரும்பாலான சிக்கல்

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு), எஸ்.டி.பி.எம். சான்றிதழ்கள், பட்டச் சான்றிதழ், முழுமையான மதிப்பெண் பட்டியல், இரண்டு பரிந்துரையாளர்களின் கடிதங்கள், ஆய்வு முன்மொழிவு ஆகியவை பெரும்பாலும் எல்லா இடங்களிலும் கேட்கப்படும். ஒவ்வொன்றிலும் உறுதிப்படுத்திய நகல் நான்கு எடுத்து வையுங்கள். ஏ பிரிவு அரசு அதிகாரியோ, பள்ளித் தலைமையாசிரியரோ, பெங்குலு எனப்படும் வட்டாரத் தலைவரோ உறுதிப்படுத்தலாம். உங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரே ஒரு மாலையில் எல்லாவற்றையும் முடித்துத் தந்துவிடுவார். முத்திரையில் பெயரும் பதவியும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மங்கலான முத்திரையால் திரும்பி வந்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

இனிப் பெயர். நம்மவர்களின் ஆவணங்களில் ஒன்றில் ‘ஏ/எல்’ (மகன்) அல்லது ‘ஏ/பி’ (மகள்) இருக்கும், மற்றொன்றில் இராது. ஒன்றில் தந்தை பெயரில் ஓர் எழுத்துக் கூடியிருக்கும். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) அந்தக் காலத்தில் காதில் விழுந்தபடி எழுதிக் கொடுத்த பெயர், பிறப்புச் சான்றிதழில் அப்படியே நிலைத்துவிட்டது. என் பட்டச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் தந்தை பெயர் ஓரெழுத்து வேறுபட்டிருந்ததால்தான் சேர்க்கைப் பிரிவு என் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தது. எனவே, விண்ணப்பம் திறப்பதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சிறிய வேறுபாடு என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் செய்துகொள்ளலாம். அடையாள அட்டையிலேயே பிழை என்றால் தேசியப் பதிவிலாகாவுக்குப் போகத்தான் வேண்டும். அதற்கு நாட்கள் பிடிக்கும்.

5. பணம் எந்த நாளில் தேவைப்படும்

கட்டணத்தின் மொத்தத் தொகையைவிட, எந்த நாளில் எவ்வளவு என்பதுதான் குடும்பங்களை நெருக்கும். பதிவு நாளில் முதல் தவணை கையில் இருக்க வேண்டும். கடனும் மானியமும் அதற்குப் பின்புதான் வந்து சேரும். இளங்கலைக்கு பி.டி.பி.டி.என். எனும் அரசு உயர்கல்விக் கடன் வாங்குபவர்கள் முதலில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கைத் திறக்க வேண்டும், 20 ரிங்கிட் போதும். முழுநேர இளங்கலையில் முதல் வகுப்பில் தேறினால் அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். இதற்கும் விண்ணப்பிக்க வேண்டும், தானாக நடக்காது.

பெற்றோரின் ஊழியர் சேமநிதியிலிருந்தும் பிள்ளையின் உயர்கல்விக் கட்டணத்திற்குப் பணம் எடுக்கலாம். இது ஓய்வுக்கால முதன்மைக் கணக்கைத் தொடாமல், செஜாத்தெரா கணக்கிலிருந்து (2024 மே மாதத்திற்கு முன் இரண்டாம் கணக்கு) வருவது. சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் வேண்டும். ஆனால் இதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். மழைக்காலத்தில் வேலை நாள் குறைந்து சம்பளம் இறங்கும் குடும்பத்திற்கு அந்தச் சேமிப்பு என்ன என்பது நமக்குத் தெரியும். ஆய்வு உதவியாளர் படி உறுதியானால் முதலில் அதைக் கொண்டு சமாளியுங்கள்.

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். வரைபட மென்பொருளான கியூ.ஜி.ஐ.எஸ். இலவசம். படங்களைச் செப்பனிட உதவும், ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஸ்னாப் மென்பொருளும் இலவசம். படங்களை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் எஞ்சின் வணிகமல்லாத ஆய்வுக்கு இலவசம். அமெரிக்காவின் லேண்ட்சாட் துணைக்கோளப் படங்கள் 2008 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன, ஐரோப்பாவின் சென்டினல் துணைக்கோளப் படங்களும் இலவசமே. காசை நினைவகம் கூடிய கணினிக்கும் (16 ஜிகாபைட்டுக்குக் குறையாமல்) ஒரு வெளி வன்தட்டுக்கும் ஒதுக்குங்கள். தோட்டத்து வீட்டில் இணையம் மெதுவாக இருந்தால் எர்த் எஞ்சினே நல்லது. கணக்கீடு அங்கேயே நடக்கும், முடிவு மட்டும் உங்களிடம் வரும்.

6. களத்திற்கான அனுமதிகளை முன்கூட்டியே கேளுங்கள்

தோட்டத்திற்குள் பிறந்து வளர்ந்தவர் என்பதற்காக அனுமதியில்லாமல் ஆய்வு செய்ய முடியாது. துறைத் தலைவர் கையொப்பமிட்ட கடிதத்தைத் தோட்ட நிர்வாகிக்கு எழுதுங்கள். தோட்டம் பெரிய நிறுவனத்தைச் சேர்ந்தது என்றால் நிர்வாகி அதைத் தலைமையகத்திற்கு அனுப்புவார், அங்கே அது பல வாரங்கள் கிடக்கலாம். நிரந்தரக் காப்புக் காட்டுக்குள் போவதற்கு 1984-ஆம் ஆண்டுத் தேசிய வனவியல் சட்டத்தின்படி மாநில வன இலாகாவின் நுழைவு அனுமதி வேண்டும். ட்ரோன் பறக்கவிட நினைத்தால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியோடு, வான்வழி வரைபடத்திற்கு நில அளவை வரைபட இலாகாவின் அனுமதியும் தேவைப்படும். ட்ரோனை வாங்கிவிட்டு அனுமதியைத் தேடாதீர்கள்.

7. படங்களைத் தேர்ந்தெடுத்தல்: மேகமும் இலையுதிர் காலமும்

நம் நாட்டில் முதல் எதிரி மேகம். சென்டினல்-2 இணை துணைக்கோளங்கள் ஐந்து நாளுக்கு ஒரு முறை அதே இடத்தைப் படம் பிடித்தாலும், பேராக்கின் மலையடிவாரத்தில் ஓராண்டில் தெளிவான படங்கள் கைவிரலுக்குள் அடங்கிவிடும். ஒரே நாளின் படத்தை நம்பித் திட்டமிடாமல், பல நாட்களின் தெளிந்த பகுதிகளைக் கோத்து ஒரு கூட்டுப்படம் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படங்களையும் ஆரம்பத்திலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, படத்தின் நுணுக்கம் உங்கள் கேள்விக்குப் போதுமா என்பது. செம்பனையை 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 140 மரங்கள் வரும். லேண்ட்சாட்டின் ஒரு படப்புள்ளி 30 மீட்டர், அதற்குள் சுமார் 13 மரங்கள் அடங்கிவிடும். சென்டினல்-2 படத்தின் 10 மீட்டர்ப் புள்ளியில் ஒரு மரமும் அடுத்ததன் மட்டைகளும் கலந்திருக்கும். எனவே தனி மரத்தில் கானோடெர்மா பூஞ்சையால் வரும் அழுகல் இருக்கிறதா என்று லேண்ட்சாட் படத்தில் கண்டுபிடிப்பேன் என முன்மொழிவு எழுதாதீர்கள். இயற்கைக் காடு, செம்பனை, ரப்பர் எனப் பிரிப்பதற்கும், எந்த ஆண்டில் மறுநடவு நடந்தது என்று காண்பதற்கும் அது நன்றாகவே போதும்.

என் ஆய்வில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பிப்ரவரி மாதப் படமொன்றில், தாவரப் பசுமைக் குறியீடு ஒரு ரப்பர் காட்டில் சட்டென்று வீழ்ந்திருந்தது. மரங்களை வெட்டி அழித்துவிட்டார்கள் என்று நான் வகைப்படுத்தி, வரைபடத்தில் சிவப்பு வண்ணமும் இட்டுவிட்டேன். அந்த வரைபடத்தைப் பார்த்த ஓய்வு பெற்ற மண்டோர் (தோட்டத்து வேலை மேற்பார்வையாளர்) ஒருவர், “தம்பி, நாலாம் நம்பர் காட்டுல ஒரு மரத்தையும் வெட்டல. மாசி மாசம் இலை கொட்டியிருக்கும், அவ்வளவுதான்” என்றார். ரப்பர் மரம் ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிர்த்து, சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கிறது. அந்தக் காலத்தில் பால் குறையும் என்று மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். படத்தில் மட்டும் அது அழிவாகத் தெரிகிறது. இதையே திருப்பிப் பயன்படுத்தலாம். ஜனவரி முதல் மார்ச் வரையான படங்களையும் ஆண்டின் பிற்பகுதிப் படங்களையும் ஒப்பிட்டால், இலை உதிர்க்கும் ரப்பரையும் உதிர்க்காத இயற்கைக் காட்டையும் செம்பனையையும் தெளிவாகப் பிரிக்க முடிகிறது. ஆனால் அந்த மாதங்களில் களத்தில் இருந்து சரிபார்க்க வேண்டும். எனக்கு அனுமதிக் கடிதம் ஏப்ரலில் வந்தது, அதற்குள் மரங்கள் தழைத்துவிட்டன. அடுத்த இலையுதிர்வுக்கு ஓராண்டு காத்திருந்தேன்.

இளம் செம்பனைக் காட்டிலும் இதைப் போன்ற மயக்கம் உண்டு. கன்றுகளுக்கிடையே மூடுபயிராக வளர்க்கும் முக்குனா கொடி தரையைப் பச்சையாக நிரப்பிவிடும். குறியீடு உயர்ந்திருப்பதை மரத்தின் செழிப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

தொழில்நுட்பக் கண்ணிகள் இரண்டு. லேண்ட்சாட்-7 படங்களில் 2003 மே மாத இறுதிக்குப் பின் கோடு கோடாக இடைவெளிகள் விழும், அது கருவிப் பழுது. சென்டினல்-2 தரவில் 2022 ஜனவரி 25 முதல் எண் மதிப்புகளோடு 1000 கூட்டப்படுகிறது. அதற்கு முந்தைய படங்களோடு ஒப்பிடும் முன் அதைக் கழிக்க வேண்டும், அல்லது எர்த் எஞ்சினில் ஏற்கெனவே சீராக்கப்பட்ட தொகுப்பை எடுக்க வேண்டும். இதை அறியாதவர்கள் 2022-இல் நாடு முழுவதும் ஏதோ மாறிவிட்டதாக எண்ணிவிடுவார்கள்.

8. ஆய அமைப்பு

ஓர் இடத்தை எண்களால் குறிப்பதே ஆயம், அந்த எண்களைக் கணக்கிட ஒன்றுக்கு மேற்பட்ட அடிப்படைகள் உண்டு. உள்நாட்டுப் பழைய வரைபடங்கள் கெர்த்தாவ் அடிப்படையிலும், புதியவை ஜி.டி.எம். 2000 அடிப்படையிலும் இருக்கும். கைப்பேசியின் ஜி.பி.எஸ். கருவியோ டபிள்யூ.ஜி.எஸ். 84 அடிப்படையில் எண் தரும். மாற்றாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், செம்பனை வரிசையில் எடுத்த புள்ளி ஆற்றுக்குள் போய் விழும். உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் வரைபட முறையில் பேராக் மாநிலம் 47-ஆம் வடக்கு மண்டலத்தில் வருகிறது, ஜொகூர் 48-இல்.

9. களச் சரிபார்ப்பு

வரைபடம் சரியா என்று பார்க்க, நிலத்தின் ஒவ்வொரு வகைக்கும் களத்தில் 50 புள்ளிகளாவது எடுப்பது நடைமுறை. தோட்டத்தில் உங்களுக்கு ஒரு பெரிய உதவி காத்திருக்கிறது. ஒவ்வொரு காட்டின் முனையிலும் நட்டிருக்கும் பலகையில் காட்டு எண், நட்ட ஆண்டு, பரப்பளவு ஆகியவை எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு பலகையையும் ஆயத்தோடு படமெடுங்கள். சில பலகைகளில் மறுநடவுக்குப் பிறகும் பழைய ஆண்டே கிடக்கும், எனவே மண்டோரிடம் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் பெயரைச் சம்மதம் கேட்டு நன்றியுரையில் சேருங்கள். காலை ஏழு மணிக்கே போய், பதினொரு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். அறுவடை நடக்கும் வரிசைக்குள் தலைக்கவசமில்லாமல் நுழையாதீர்கள், அரிவாளும் குலையும் மேலிருந்து வரும்.

10. பின்னோக்கி எண்ணும் நாட்காட்டி

பிப்ரவரியில் களத்தில் நிற்க வேண்டுமானால், தோட்ட நிர்வாகத்திற்கும் வன இலாகாவுக்கும் கடிதங்கள் அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே போயிருக்க வேண்டும். அந்தக் கடிதங்களில் துறையின் கையொப்பம் வேண்டுமென்றால், நீங்கள் ஏற்கெனவே பதிவு பெற்ற மாணவராக இருக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் சேர்க்கை செப்டம்பர், அக்டோபரை ஒட்டியும் பிப்ரவரி, மார்ச்சை ஒட்டியும் நடப்பதால், பிப்ரவரிச் சேர்க்கையே இத்தகைய ஆய்வுக்கு வசதியானது. பதிவு முடிந்து ஏழு மாதம் முன்மொழிவுக்கும் மென்பொருள் பழகுவதற்கும் கிடைக்கும், பின்பு அனுமதி, அடுத்த பிப்ரவரியில் களம். அந்தச் சேர்க்கைக்கு முந்தைய ஜூனில் மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பெயர் ஒப்பிடும் வேலையை அந்த மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

இடைப்பட்ட மாதங்களில் நாசாவின் ஆர்செட் பயிற்சிகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். முதுகலைக்குப் பின் வெளிநாட்டுப் பயிற்சி வேண்டுமென்றால், இந்தியாவின் டேராடூனில் 1966 முதல் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனத்தையும், ஆசிய பசிபிக் நாட்டவர்க்கென அதே ஊரில் ஐக்கிய நாட்டு அமைப்போடு இணைந்து நடக்கும் விண்வெளி அறிவியல் கல்வி மையத்தையும் பாருங்கள். செய்முறைப் பயிற்சிக்கு உள்நாட்டில் மலேசிய விண்வெளி நிறுவனம், கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம், பாங்கியில் உள்ள செம்பனை எண்ணெய் வாரியம் ஆகியவற்றுக்கு எழுதலாம். அந்தக் கடிதத்தோடு முழு ஆய்வேட்டையும் அனுப்ப வேண்டாம், நீங்கள் செய்த ஒரு வரைபடத்தையும் எந்த வகை எதுவாகத் தவறாகக் குறிக்கப்பட்டது என்று காட்டும் அதன் பிழை அட்டவணையையும் இரண்டு பக்கத்தில் இணைத்தால் போதும்.